மலையும் எல்லையும் சாரணரும்

திருவனந்தபுரத்தில் மத்திய அரசு அலுவலகமொன்றில் எழுத்தராகப் பணியாற்றும் எனக்கு, பாறசாலைத் தொடர்வண்டி நிலையத்தில் காலை வண்டிக்குக் காத்து நிற்பது பல்லாண்டுப் பழக்கம். 1979ஆம் ஆண்டு திருவனந்தபுரத்திற்கும் நாகர்கோவிலுக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்ட நாள்தொட்டு, இந்நிலையம் இரு மாநிலத்து மக்களும் கலந்து நிற்கும் பொது மன்றமாகவே விளங்கி வருகிறது. அண்மையில் ஒரு சனிக்கிழமை காலை அங்கே பள்ளிச் சிறுவர் இருபதின்மர் கழுத்தில் வண்ணத் துணி அணிந்து, கையில் கோலேந்தி, பாசறை ஒன்றுக்குப் புறப்பட்டு நின்றனர். உயரமான பையன் ஒருவன் தன் அணியினரை மலையாளத்தில் பெயர் சொல்லி அழைத்து எண்ணினான். கடைசியில் நின்ற சிறுவன், “இங்க நிக்கேன் அண்ணே” என்று குமரித் தமிழில் விடை கொடுத்தான். எண்ணியவனுக்கு அது பொருட்டாகவே தோன்றவில்லை. எண்ணிக்கை சரியாயிற்று, வண்டி வந்தது, ஏறிச் சென்றனர்.

தமிழ்ச் சங்கத்தார் இம்மலருக்குக் கட்டுரை வேண்டியபோது அக்காட்சியே என் நினைவில் எழுந்தது. பிழைப்பின் பொருட்டு இவ்வெல்லைப்புறத்தில் குடியேறிய நம் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று சாரணர் வரிசையில் இயல்பாக நிற்கின்றனர். ஆனால் அந்த வரிசையில் நிற்கும் உரிமை இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு எளிதில் கிட்டியதன்று. ஒரு காலத்தில் அவர்களுக்கு அக்கதவு அடைத்துக் கிடந்தது. திறக்குமாறு கெஞ்சி நில்லாமல், தமக்கென வேறொரு வீடு கட்டிக்கொண்டு, பின்னர் அடைத்தவரே வந்து இணையுமாறு செய்தனர் நம் முன்னோர். அவ்வரலாற்றைச் சுருங்கக் கூறுவதும், அது நமக்கு விட்டுச் சென்றிருக்கும் கடமையை எண்ணிப் பார்ப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

சொல்லின் பழமை

சாரணர் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. ஓரிடத்தில் நிலைத்திராது அறம் உரைத்துத் திரியும் சமணத் துறவியரைச் சாரணர் என்றனர் பண்டையோர். சிலப்பதிகாரத்துப் புகார்க் காண்டத்தின் நாடுகாண் காதையில், கவுந்தியடிகளுடன் மதுரை நோக்கி நடக்கும் கோவலனும் கண்ணகியும் திருவரங்கத்துப் பக்கம் சாரணரைக் கண்டு வணங்கும் செய்தி வருகின்றது. வழிநடைப் பயணத்தினிடையே வந்து நல்லுரை தருவோராக இளங்கோவடிகள் அவர்களைக் காட்டுகிறார்.

அப்பெயரைத் தாங்கிய மலையொன்று நம் ஊர்களுக்கு அண்மையிலேயே இருப்பதைப் பலரும் அறியார். மார்த்தாண்டத்திலிருந்து ஏறத்தாழ 7 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிதறால் குன்றுக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் திருச்சாரணத்து மலை என்பதாகும். குன்றின் மேலுள்ள பாறை முகத்தில் தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணன் காலத்துக் கல்வெட்டொன்று, குணந்தாங்கிக் குரத்திகள் என்னும் பெண் துறவி இம்மலைத் தெய்வத்திற்குப் பொன் அணிகலன் அளித்த செய்தியைக் கூறுகிறது. அது கி.பி. 9ஆம் நூற்றாண்டு. பிற்காலத்தில் அக்கோயில் பகவதி கோயிலாயிற்று.

அதே நூற்றாண்டில், பார்த்திவசேகரபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் ஒரு சாலையை, அதாவது உண்டியும் உறையுளும் தந்து கல்வி புகட்டும் நிலையத்தை, நிறுவினான். அங்குப் பயின்ற மாணவர் 95 பேர். சட்டர் என்பது அவர்தம் பெயர். படைக்கலத்துடன் அவைக்கு வருதல் கூடாது, தம்முள் பூசலிட்டால் தண்டம் உண்டு என்றெல்லாம் அச்செப்பேடு விதி வகுக்கின்றது. இளைஞரை ஒன்று கூட்டி ஒழுங்கு பயிற்றும் முறை இம்மண்ணில் எத்துணைப் பழமையானது என்பதற்கு இது சான்று. எனினும் அச்சாலை வேதம் பயிலும் அந்தணர்க்கு மட்டுமே உரியதாயிருந்தது. ஊரிலிருந்த ஏனைய பிள்ளைகளுக்கு அங்கு இடமில்லை. இதனையும் நாம் மறைக்க வேண்டியதில்லை.

இயக்கத்தின் பிறப்பு

இக்காலச் சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்தவர் இராபர்ட் பேடன் பவல் என்னும் ஆங்கிலப் படைத்தலைவர். 1857ஆம் ஆண்டு பிறந்த அவர், 1876இல் இளம் அதிகாரியாக இலட்சுமணபுரிக்கு, அதாவது லக்னோவுக்கு வந்தார். பின்னர் 1897 முதல் மீரத்தில் குதிரைப்படைப் பிரிவொன்றுக்குத் தலைமை தாங்கியபோது, வீரர்களைச் சிறு சிறு குழுக்களாகப் பிரித்து, தடம் அறிதல், திசை தேர்தல், தாமே முடிவெடுத்தல் ஆகியவற்றைப் பழக்கினார். உலகெங்கும் பரவிய ஓர் இயக்கத்தின் முதல் ஒத்திகை இந்திய மண்ணில் நிகழ்ந்தது என்று சொல்வது மிகையாகாது.

1899இல் தென்னாப்பிரிக்காவில் மேஃபெகிங் நகரம் போயர் படையால் முற்றுகையிடப்பட்டது. முற்றுகை 217 நாள் நீடித்தது. ஆட்பற்றாக்குறையால், நகரத்துச் சிறுவரைக் கொண்டு செய்தி கொண்டு செல்லுதல், காவல் பார்த்தல், மருத்துவமனைக்கு உதவுதல் முதலிய பணிகள் நடத்தப்பட்டன. பொறுப்பைக் கொடுத்தால் சிறுவர் அதனைத் தாங்குவர் என்னும் உண்மையைப் பேடன் பவல் அங்கே கண்டார். 1907ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் பிரௌன்சீ என்னும் சிறு தீவில் ஏறத்தாழ இருபது சிறுவரைக் கொண்டு முதற்பாசறை நடத்தினார். செல்வர் பயிலும் பள்ளிகளிலிருந்து சிலரும், உழைக்கும் மக்கள் வீடுகளிலிருந்து சிலரும் வந்து ஒரே கூடாரத்தில் உறங்கினர். அக்காலத்து இங்கிலாந்தில் அது சிறிய செய்தியன்று. மறு ஆண்டு, 1908இல், அவர் எழுதிய நூல் வெளிவந்தது. நூலைப் படித்த சிறுவர் தாமாகவே ஊர்தோறும் அணி சேர்ந்தனர். 1909இல் இலண்டனில் நடந்த பெருங்கூட்டத்திற்குச் சிறுமியரும் தாமே சீருடை தைத்து வந்து நின்றனர். 1910இல் அவர்களுக்கென இயக்கம் தனியே அமைந்தது.

அடைத்த கதவு

1909இல் கேப்டன் பேக்கர் என்பவர் பெங்களூரில் பிஷப் காட்டன் பள்ளியில் இந்தியாவின் முதற் சாரணர் படையை அமைத்தார். 1911இல் ஜபல்பூரில் சாரணியர் படை தொடங்கிற்று. ஆயின் இவை ஆங்கிலேயர், ஆங்கிலோ இந்தியர் ஆகியோரின் பிள்ளைகளுக்கு மட்டுமே உரியனவாய் இருந்தன. இந்தியச் சிறுவனுக்குத் தடம் அறியவும் குறிப்பு அனுப்பவும் அணி நடத்தவும் கற்றுக் கொடுத்தால், நாளை அவன் அரசுக்கு எதிராகவே அதனைப் பயன்படுத்துவான் என்று அரசினர் அஞ்சினர். எந்த நாட்டு மண்ணில் அப்பயிற்சி முளைத்ததோ, அந்த நாட்டுப் பிள்ளைக்கே அது மறுக்கப்பட்டது.

அயலவரை மட்டும் குறைகூறி அமைதல் நேர்மையாகாது. அதே காலத்தில் நம் நெய்யாற்றின்கரைப் பகுதியில் பள்ளிக்கூடத்தின் கதவே பெரும்பாலான பிள்ளைகளுக்கு அடைத்திருந்தது. வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி, பஞ்சமி என்னும் சிறுமியைக் கையைப் பிடித்து ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துச் சென்றார். தாழ்த்தப்பட்ட பிள்ளையொன்று அமர்ந்ததைப் பொறுக்காதார் அப்பள்ளிக்குத் தீயிட்டனர். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நிகழ்ந்தது இது. அதற்கும் முன்னே, 1888இல், நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புறத்தில் நாராயண குரு சிவலிங்கம் நிறுவி, எல்லாரும் உடன்பிறந்தாராய் வாழும் இடம் அது எனக் காட்டியிருந்தார். சாரணர் படை பெரும்பாலும் பள்ளியைச் சார்ந்தே வளர்வது. பள்ளிக் கதவைத் திறந்தவர்களும் சாரணர் கதவைத் திறந்தவர்களே என்று நாம் கொள்ளுதல் வேண்டும்.

அடையாற்றில் எழுந்த விடை

சாரணர் கதவு திறந்த வரலாறு சென்னை அடையாற்றில் தொடங்குகிறது. 1916ஆம் ஆண்டு அன்னி பெசன்ட் அம்மையார், ஜி. எஸ். அருண்டேல் துணையுடன் இந்தியப் பாலசாரணர் சங்கத்தை நிறுவினார். பிற்காலத்தில் கலாக்ஷேத்திரம் கண்ட ருக்மிணி தேவியின் கணவரே இவ்வருண்டேல். தன்னாட்சி இயக்கம் தொடங்கப்பட்டதும் அதே 1916இல்தான் என்பதை மறத்தலாகாது. அரசு மறுத்ததை அரசிடம் கேட்டு நில்லாமல், நாமே செய்து கொள்வோம் என்பது இரண்டுக்கும் பொதுவான உள்ளம்.

இச்சங்கத்துச் சிறுவர், ஆங்கிலச் சாரணர் அணியும் தொப்பிக்கு மாற்றாகத் தலைப்பாகை அணிந்தனர். இந்தியப் பாடல்களைப் பாடினர். பயிற்சி முறை பேடன் பவலுடையது. உடையும் பாட்டும் உணர்வும் நம்முடையவை. மறு ஆண்டு, 1917 ஜூன் திங்களில், சென்னை அரசு பெசன்ட் அம்மையாரையும் அருண்டேலையும் பி. பி. வாடியாவையும் உதகமண்டலத்தில் காவலில் வைத்தது. சிறுவர்க்குச் சீருடை தைத்துக் கொடுத்தவரையே சிறைப்படுத்த நேர்ந்தமை, அச்சீருடையை அரசு எத்துணை அஞ்சியது என்பதற்கு ஓர் அளவுகோல் எனலாம். எனினும் தன்னாட்சிக் கிளர்ச்சியே காவலுக்கு முதற்காரணம். அவ்வாண்டு செப்டம்பரில் விடுதலை பெற்ற அம்மையார், ஆண்டிறுதியில் கல்கத்தாவில் கூடிய காங்கிரஸ் மகாசபைக்குத் தலைமை தாங்கினார்.

வடக்கே அலகாபாத்தில், 1917-18 அளவில், மதன்மோகன் மாளவியா, இருதயநாத் குன்ஸ்ரு, ஸ்ரீராம் பாஜ்பாய் ஆகியோர் முயற்சியால் சேவா சமிதிச் சாரணர் சங்கம் தோன்றிற்று. 1918ஆம் ஆண்டுக் கும்பமேளாவில் காணாமற் போன பிள்ளைகளைத் தேடிச் சேர்த்தல், முதியோர்க்கு வழிகாட்டுதல் முதலிய தொண்டுகளில் அச்சங்கத்தார் ஈடுபட்டனர்.

1921இல் பேடன் பவல் இந்தியாவுக்கு வந்தார். இந்தியச் சிறுவர் தாமே கட்டிய படைகளைக் கண்ட பின்னர், அவர்களை இனி வெளியே நிறுத்துதல் இயலாது என்பது தெளிவாயிற்று. சென்னையில் அம்மையாரின் சங்கம் பேடன் பவலின் சங்கத்துடன் இணைந்தது. அம்மையார் அவர் முன் சாரணர் உறுதிமொழி ஏற்றார். அப்போது அவருக்கு வயது எழுபத்து மூன்று. சிறையிட்ட அரசின் நாட்டு இயக்கமே 1932இல் அவருக்கு வெள்ளி ஓநாய் என்னும் உயரிய விருதை அளித்தது.

பிரிவும் கூடலும்

இணைந்தவை மீண்டும் பிரிந்தன. 1937ஆம் ஆண்டு பிப்ரவரியில் டெல்லியில் நடைபெற்ற அனைத்திந்தியச் சாரணர் பெருந்திரளுக்கு வந்து சென்ற பேடன் பவல், இந்தியரின் ஒழுக்கப் பண்பைத் தாழ்த்திக் கூறியதாகக் கருத்தொன்று வெளிவந்தது. நாடெங்கும் மனம் புண்பட்டது. பலர் விலகினர். 1938இல் இந்துஸ்தான் சாரணர் சங்கம் உருவாயிற்று. தோற்றுவித்தவர் என்பதற்காக அவர் சொன்னதையெல்லாம் பொறுத்துக் கொள்ள வேண்டியதில்லை என்று முடிவு செய்த அத்தலைமுறையின் தன்மானம் போற்றத்தக்கது. அதே வேளையில், சொன்னவர் மீது கொண்ட சினத்தால் அவர் கண்ட நல்ல முறையைக் கைவிட்டாரும் இலர். இந்நுட்பம் நாம் கருதத் தக்கது.

விடுதலைக்குப் பின், பண்டித நேரு, கல்வி அமைச்சர் மௌலானா ஆசாத், மங்கள்தாஸ் பக்வாசா, குன்ஸ்ரு, நீதியரசர் விவியன் போஸ் முதலியோர் முயற்சியால் 1950 நவம்பர் 7ஆம் நாள் சங்கங்கள் ஒன்றாகி, பாரத சாரண சாரணியர் இயக்கம் பிறந்தது. குன்ஸ்ரு அதன் முதல் தேசிய ஆணையர். 1951 ஆகஸ்டு 15 அன்று சாரணியர் சங்கமும் அதில் இணைந்தது. 1966இல் புனாவில் உலகச் சாரணியர்க்கான மையம் ஒன்று திறக்கப்பட்டது. அதற்குச் சூட்டிய பெயர் ‘சங்கம்’ என்பதாகும். பல ஆறுகள் கூடுமிடம் என்னும் பொருளில் வைத்த பெயரே எனினும், தமிழர்க்கு அச்சொல் தரும் மகிழ்ச்சி தனி.

எல்லை வரைந்த ஆண்டு

நாடு தழுவிய இயக்கம் ஒன்றான ஆறாம் ஆண்டில், நம் ஊர்களுக்கிடையே ஒரு கோடு விழுந்தது. மார்ஷல் நேசமணி முதலியோர் நடத்திய திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ், தமிழர் வாழும் வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் சேர்க்கக் கோரியது. நெய்யாற்றின்கரையும் அக்கோரிக்கையில் அடங்கியிருந்தது. 1954 ஆகஸ்டு 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் மாண்டன. 1956 நவம்பர் 1 முதல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. களியக்காவிளை அப்பக்கம், பாறசாலை இப்பக்கம். பெண் கொடுத்த வீடு ஒரு மாநிலத்திலும் பெண் எடுத்த வீடு மறு மாநிலத்திலுமாக ஆன குடும்பங்கள் பல.

நம்முள் சிலர் குடிபெயர்ந்து வந்தவர். பாலராம வர்மா காலத்தில் கைத்தறி நெய்வதற்காக அழைத்துவரப்பட்டுப் பாலராமபுரத்தில் குடியமர்ந்த சாலியர் குடும்பங்கள் இருநூறாண்டுப் பழமையுடையன. வேறு சிலர் நேற்று வந்த வணிகரும் தொழிலாளரும் என் போன்ற அலுவலரின் பெற்றோரும் ஆவர். இன்னும் சிலர் எங்கும் பெயரவில்லை. எல்லைதான் அவர்களைக் கடந்து பெயர்ந்தது. இம்மூவகையாரும் கலந்ததே நம் சங்கம்.

கோடு விழுந்தபோதும் போக்குவரவு நிற்கவில்லை. நெய்யாற்றின்கரை ஊரூட்டுகாலாவில் மாதவி மந்திரத்தைத் தம் இல்லமாகக் கொண்ட காந்தியர் ஜி. இராமச்சந்திரன், தம் துணைவியார் டாக்டர் சௌந்திரம் அம்மையாருடன் 1947இல் திண்டுக்கல்லை அடுத்துக் காந்திகிராமத்தை நிறுவியவர். அங்குள்ள மாணவரைக் கொண்டு சாந்தி சேனை என்னும் அமைதிப்படையை வளர்த்தார். அதுவும் இளைஞரை அணிதிரட்டித் தொண்டு பழக்குவதே. மலையாள நாட்டார் ஒருவர் தமிழ்நாட்டுப் பிள்ளைகளுக்கு அதனைச் செய்தார். அதற்கு ஈடாக ஒன்றை எனக்கும் ஒரு மலையாள ஆசிரியர் செய்தார். அதனை இனிக் கூறுவேன்.

விசிலுக்கு மொழியில்லை

1990களின் முற்பகுதியில் நான் எல்லையை ஒட்டிய ஒரு பள்ளியில் தமிழ்ப் பிரிவில் பயின்றேன். பள்ளியில் ஒரு சாரணர் படை இருந்தது. ஆறு முதல் எட்டுச் சிறுவர் சேர்ந்தது ஓர் அணி; அணிக்கொரு விலங்கின் அல்லது பறவையின் பெயர்; அணியைச் சிறுவனே நடத்துவான். ஆசிரியர் பின்னின்று பார்ப்பார். இதுவே சாரணர் முறையின் உயிர்நாடி. எங்கள் கழுகு அணியில் எழுவர் இருந்தோம். தமிழர் இருவர், ஏனையோர் மலையாளிகள். முடிச்சுத் தேர்விலும் முதலுதவித் தேர்விலும் முன்னின்றமையால் என்னை அணித்தலைவனாக்கச் சாரண ஆசிரியர் எண்ணினார்.

அப்போது பள்ளியைச் சேர்ந்த மற்றொருவர், “தமிழ்ப் பிரிவுப் பையன் ஆணையிட்டால் இப்பிள்ளைகளுக்கு எப்படி விளங்கும்? அவன் துணைத்தலைவனாக இருக்கட்டும்” என்று தடுத்தார். கெட்ட எண்ணத்தால் சொன்னார் என்று இன்று நான் நினைக்கவில்லை. ஆயினும் அன்று வீட்டுக்கு வந்து யாரோடும் பேசாமல் படுத்துக்கொண்டேன். அம்மா காரணம் கேட்டும் சொல்லவில்லை. இனிச் சாரணர் படைக்குச் செல்வதில்லை என்று முடிவு செய்தேன்.

அடுத்த சனிக்கிழமை ஆசிரியர் என்னை வீட்டிலிருந்து அழைத்துவரச் செய்தார். அவர் மலையாளி, எங்கள் பக்கத்துத் தமிழையும் நன்கு பேசுவார். தம் கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி என் கையில் கொடுத்து, “மக்களே, விசிலுக்கு மலையாளமும் தெரியாது, தமிழும் தெரியாது. நீ ஊது, பாப்போம்” என்றார். ஊதினேன். நீண்ட ஒலி ஒன்று கேட்டால் அமைதி காக்க வேண்டும்; தொடர்ந்து குறுகிய ஒலிகள் கேட்டால் ஓடி வந்து கூட வேண்டும்; கை நீட்டும் முறைக்கேற்ப வரிசையாகவோ வட்டமாகவோ நிற்க வேண்டும். இவை எல்லாச் சாரணர்க்கும் பொது. திடலின் நான்கு மூலையிலும் சிதறி நின்ற அறுவரும் ஓடி வந்து என் முன் நின்றனர். ஆசிரியர் வேறொன்றும் பேசவில்லை. தடுத்தவரும் பின்னர்த் தடுக்கவில்லை. இறைவணக்கமும் கொடிப்பாடலும் இந்தியில் இருந்தமையால், அவற்றைத் தமிழரும் மலையாளிகளும் ஒரே அளவு பிழையுடன் பாடினோம். அதிலும் எங்களுக்குள் ஒற்றுமை நிலவியது.

அவ்வாண்டு எங்கள் படை மார்த்தாண்டம் வரை பேருந்தில் சென்று, அங்கிருந்து நடந்து சிதறால் குன்று ஏறிற்று. திருச்சாரணத்து மலை என்னும் பெயரை ஆசிரியர் சொல்லக் கேட்டது அன்றுதான். பெயர் கேட்ட மகிழ்ச்சியில் ஓடியிறங்கிய எங்கள் துணைத்தலைவன் கால் பிசகி விழுந்தான். கழுத்துத் துணியை அவிழ்த்து நான் கட்டிய கட்டு இருமுறை நெகிழ்ந்தது. மூன்றாம் முறை அவனே குனிந்து, சிரித்துக்கொண்டு, சரியாகக் கட்டிக்கொண்டான். இரு கோல்களில் சட்டைகளைக் கோத்துத் தூக்குப்படுக்கை செய்து அவனை அடிவாரம் வரை சுமந்து வந்தோம். மேலாடையின்றி வந்த எங்களைக் கண்டு தேநீர்க்கடையில் இருந்தோர் எழுந்து வழிவிட்டனர்.

அவன் பின்னாளில் சரக்கு லாரி ஓட்டுநரானான். 2020ஆம் ஆண்டு தொற்று பரவிய காலத்தில் களியக்காவிளையிலும் சுற்றியுள்ள ஊர்வழிகளிலும் எல்லை அடைக்கப்பட்டது. என் பெரியம்மா அப்பக்கத்து ஊரில் தனியாக இருந்தார். இரத்த அழுத்தத்திற்கும் இருதயத்திற்கும் உரிய மாத்திரைகளை மாதந்தோறும் திருவனந்தபுரத்திலிருந்து வாங்கிச் செல்பவன் நான். ஐந்து நாளுக்கான மாத்திரையே எஞ்சியிருந்தபோது, யாரைக் கேட்பதென்று தெரியாமல் அவனை அழைத்தேன். காய்கறி வண்டிகளுக்கு இசைவு இருந்தது. அவன் நாகர்கோவிலுக்குச் சென்றுகொண்டிருந்தான். பாறசாலையில் சாலையோரம் வண்டியை நிறுத்தி, கதவைத் திறக்காமலேயே பொதியை வாங்கிக்கொண்டான். மூன்று விரல் உயர்த்திச் சாரண வணக்கம் செய்துவிட்டுச் சென்றான். மூன்று மாதம் அவ்வாறே நடந்தது. பெரியம்மா இன்றும் நலமாயிருக்கிறார்.

நாளுக்கொரு நற்செயல் செய்க என்று சாரணர்க்குப் பேடன் பவல் விதித்தார். அதன் பயன் முப்பதாண்டு கழித்து எனக்கு வந்து சேர்ந்தது. இதனை நான் கணக்காகச் சொல்லவில்லை. சிறு வயதில் ஒரே அணியில் நின்றவரிடம், ‘நீ எந்த மாநிலம்’ என்னும் கேள்வி முதலில் எழுவதில்லை என்பதையே சொல்ல வந்தேன்.

இன்று நம் கடமை

இன்று அடைத்த கதவு எது? அரசு அடைக்கவில்லை. ஐந்து வயதுக் குழந்தை முதல் இருபத்தைந்து வயது இளைஞர் வரை வெவ்வேறு பிரிவுகளில் எவரும் சேரலாம். குருளையர், நீலப்பறவையர், சாரணர், சாரணியர், திரிசாரணர் எனப் பருவத்துக்கேற்ற பெயர்கள் தமிழிலேயே உள்ளன. கேரளத்தில் இராஜ்ய புரஸ்கார் விருது பெற்ற மாணவர்க்குத் தேர்வில் கருணை மதிப்பெண் அளிக்கும் வழக்கமும் இருந்து வருகின்றது. அம்மதிப்பெண்ணுக்காகவே பிள்ளையைச் சேர்ப்போர் பலர். அதில் தவறில்லை, வந்த பின்னராவது பிள்ளை வேறொன்றைக் கற்றுக்கொள்ளும். ஆனால் மதிப்பெண் உறுதியானவுடன் பாசறைக்கு அனுப்ப மறுப்பதும், சனிக்கிழமை தனிப்பயிற்சி வகுப்பைக் காரணம் காட்டுவதும் நம் குடும்பங்களில் பெருகி வருகின்றன. பெண் பிள்ளையை இரவுப் பாசறைக்கு விடுவதா என்னும் தயக்கமோ இன்னும் பெரிது. எனவே இன்று அடைத்திருப்பது நம் வீட்டுக் கதவே.

மற்றொரு கதவும் உண்டு. செங்கற்சூளைக்கும் கட்டட வேலைக்கும் வந்த தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள், சீருடைக்கும் பாசறைக் கட்டணத்துக்கும் வழியின்றி ஒதுங்கி நிற்கின்றனர். மொழி தெரியாத பிள்ளை என்று அவர்களை யாரேனும் பின்வரிசைக்குத் தள்ளவும் கூடும். எனக்கொரு ஆசிரியர் வாய்த்தார். எல்லார்க்கும் வாய்ப்பர் என்பது உறுதியன்று.

ஆகவே சங்கத்தார்க்கு மூன்று வேண்டுகோள்களைப் பணிவுடன் வைக்கின்றேன். ஆண்டுதோறும் வசதியற்ற பிள்ளைகள் சிலருக்கேனும் சீருடைச் செலவைச் சங்கம் ஏற்கலாம். ஆண்டுவிழாவில் வரவேற்புக்கும் முதலுதவிக்கும் அருகிலுள்ள பள்ளிகளின் சாரணர் சாரணியரை, மலையாளப் பிரிவு தமிழ்ப் பிரிவு என்று பாராமல், அழைக்கலாம். ஆண்டுக்கொரு முறை நம் பிள்ளைகளையும் அண்டை வீட்டு மலையாளப் பிள்ளைகளையும் சேர்த்துச் சிதறால் குன்றுக்கு நடத்திச் சென்று, அம்மலையின் பெயரையும் அடையாற்றுத் தலைப்பாகையின் கதையையும் சொல்லலாம். இவற்றுக்குப் பெரும்பொருள் தேவையில்லை. சனிக்கிழமைகள் சில போதும்.

எனக்கு விசில் கொடுத்த ஆசிரியர் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. அந்த விசில் இப்போது என் மகளிடம் இருக்கிறது. வரும் கல்வியாண்டில் அவள் சாரணியர் படையில் சேரவிருக்கிறாள். பாசறைக்கு அனுப்புவதா என்று நேற்றிரவு வீட்டில் பேச்சு எழுந்தது. நானும் சற்றுத் தயங்கினேன் என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொள்கிறேன். பின்னர், அனுப்புவது என்றே முடிவு செய்தோம்.